கேள்வி கேட்பது அவிசுவாசமா?



என் இடது மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை மட்டும் ஆபரேஷன் செய்து எடுத்தபின், "இனி கரண்ட் வைக்கணும்" என்றார்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின இரவு, கேட்க வேண்டியவைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஜெபிக்க வந்த சகோதரி பார்த்துவிட்டு, "கர்த்தர் மேல பாரத்தைப் போட்டாச்சு, அப்புறம் எதுக்கு சிஸ்டர் இத்தனை கேள்வி?" என்றார்கள். அது என்னைக் குத்தியது. நான் அவிசுவாசியாகிவிட்டேனா? தூக்கம் வரலை.

லூக்கா முதலாம் அதிகாரத்தைத் திறந்தேன். காபிரியேல் தூதனிடம் சகரியாவும் கேள்வி கேட்டான், மரியாளும் கேட்டாள். நம்பாமல் கேட்டவன் ஊமையானான். கீழ்ப்படியக் கேட்டவளுக்கோ விளக்கம் கிடைத்தது. எசேக்கியாவுக்கு 15 வருஷம் கூட்டிக்கொடுத்த தேவன், அத்திப்பழ அடையையும் பிளவையின்மேல் வைக்கச் செய்தாரே!

அப்போதுதான் என் இருதயம் எனக்குத் தெரிந்தது. அதுவரை டாக்டரிடம் ஒன்றும் கேட்காமலிருந்தேனே, அது விசுவாசமல்ல, பயம். பதிலுக்குப் பயந்துகிட்டு, அதுக்கு விசுவாசம்னு பேர் வச்சிருந்தேன்.

மறுநாள் நோட்டோடு போனேன். கரண்ட் எதற்கு? ஆபரேஷனில் தப்பின செல்கள் இருந்தால் அவைகளை அழித்து, அதே மார்பில் நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்க. எத்தனை நாள்? முன்பெல்லாம் 5 வாரத்தில் 25 தடவை. இப்போது பலருக்கு 3 வாரத்தில் 15 தடவை போதும், எனக்கும் அப்படியே. இடது பக்கமாச்சே, இதயத்துக்கு? மூச்சை உள்ளிழுத்து நிறுத்தினால் இதயம் சற்று விலகும், அந்த நேரத்தில் வைப்பார்களாம். என்ன தொந்தரவு வரும்? தோல் சிவக்கும், அசதி இருக்கும். பேரப்பிள்ளையைத் தூக்கலாமா? வெளியிலிருந்து கொடுக்கிற கதிர் உடம்பில் தங்காது, தாராளமாகத் தூக்கலாம்.

கடைசிக் கேள்வியை மெதுவாய்க் கேட்டேன்: "ஜெப எண்ணெய் பூசலாமா டாக்டர்?" அவர் சிரிக்கவில்லை. "கரண்ட் வைக்கிற இடத்துல எங்களைக் கேட்காம எதுவும் பூசாதீங்கம்மா. நெத்தியில பூசிக்கோங்க" என்றார்.

அப்படியே செய்தேன். 15 தடவையும் முடிந்தது. நாளையதினம் கர்த்தருடைய கையில்.

பிரியமான சகோதரியே, வாயை மூடிக்கொண்டு நடுங்குவதை விசுவாசம் என்று எண்ணாதே. முழங்காலில் நின்று எழுது, எழுந்து போய்க் கேள். பதில் எதுவானாலும் அவர் உன்னோடிருக்கிறார். ஆமென்.