நியமமும் நெஞ்சமும்

சமய நெறியில் நிற்க விரும்புவோன் விதிகளை வழுவாது காத்தாற் போதுமா, அன்றித் தன் உள்ளம் காட்டும் வழியே நடத்தல் வேண்டுமா என்னும் வினா எல்லா மார்க்கத்தாரிடையும் எழுந்துள்ளது. கிறிஸ்தவ மார்க்கத்திலோ அது பிறப்போடு எழுந்த வினா. ஓய்வு நாளில் நோயாளியைக் குணப்படுத்துதல் விதிக்கு மாறென்று கூறியவரோடு இயேசு வாதாடினார். யூதரது சடங்குகளைப் பிற இனத்தார்மேல் சுமத்தலாகாதென்று பவுல் வாதாடினார். அவ்வாறு விடுதலை பெற்றவரே பின்னாளில் உபவாச நாள், ஜெப வேளை, காணிக்கைக் கணக்கு என்று புதிய விதிகளைத் தமக்குத் தாமே கட்டிக்கொண்டனர்.

‘விதியைவிட உள்ளமே பெரிது’ என்று இக்காலத்திற் பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். சீர்திருத்தம் நாடும் நமக்கும் அச்சொல் தேனாக இனிக்கின்றது. ஆயினும், ‘எந்த உள்ளம்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்பார் சிலரே. அக்கேள்வியை வெறும் தத்துவமாக ஆராய்வதினும் ஒரு மனிதர் வாழ்க்கையின்மேல் வைத்து ஆராய்தல் நலம். நாம் எடுத்துக்கொள்பவர் ஜான் வெஸ்லி.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ‘மெதடிஸ்ட்’ என்னும் பெயரைக் கேளாத தமிழர் அரியர். அச்சபையார் 1885-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தனர். மறு ஆண்டே பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அவர்கள் நிறுவிய பள்ளிகளில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கற்றுத் தேறினர். எனினும் அப்பெயரின் பொருளை அறிந்தோர் பலரல்லர். மெதட் என்றால் முறை. மெதடிஸ்ட் என்றால் முறைக்காரன். ஆக்ஸ்போர்டு மாணவர்கள் வெஸ்லியையும் அவர் தோழரையும் எள்ளி நகையாட இட்ட பெயர் அது. அந்நகைப்புக்குக் காரணமும் இருந்தது.

வெஸ்லி 1703-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எப்வொர்த் என்னும் சிற்றூரில் ஒரு குருவின் மகனாகப் பிறந்தார். தாய் சூசன்னா பிள்ளை வளர்ப்பில் இராணுவத் தளபதியை ஒத்தவர். ஓராண்டு நிரம்பிய குழந்தை ஓசையின்றி அழப் பழக வேண்டும் என்பது அவ்வீட்டின் சட்டம்! ஒவ்வொரு பிள்ளையின் ஆன்ம நலத்தையும் விசாரிக்க வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கியிருந்தார். ஜானுக்கு உரியது வியாழக்கிழமை. இத்தகைய வீட்டிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற இளைஞர், 1729-ஆம் ஆண்டு முதல் தம் தம்பி சார்ல்ஸ் முதலிய சிலரோடு கூடி வாழ்வை முழுவதும் நியமத்திற்கு உட்படுத்த முயன்றார். புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளைக் காணுதல், விடியுமுன் எழுதல். நாட்குறிப்பிலே ஒவ்வொரு மணி நேரத்திற்கும் தம் பக்தி எவ்வளவு இருந்ததென்று ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் போட்டுக்கொண்ட காலமும் உண்டு. மளிகைக் கடைக்காரன் பற்றுவரவு எழுதுவதுபோல் ஒருவர் தம் ஆன்மாவிற்குப் பேரேடு எழுதினார் என்றால், நமக்கு முதலில் நகைப்பும் பிறகு இரக்கமும் வருகின்றன. சிறைக் கைதியைப் பார்க்கச் சென்றதிலும் அக்கைதியின் துயரத்தைவிடத் தம் கடமை நிறைவேறிற்றா என்பதே அவர் கண்முன் நின்றது போலும்.

1735-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அமெரிக்காவிலுள்ள ஜியார்ஜியா என்னும் புதுக் குடியேற்றத்திற்குக் குருவாகக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல் எழுந்தது. ஆங்கிலேயர் அலறினர். உடன் வந்த மொரேவியர் என்னும் ஜெர்மன் கூட்டத்தாரோ, பெண்டிர் பிள்ளைகள் உட்பட, அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தனர். அவர்களிடம் தம்மிடம் இல்லாத ஒன்று இருப்பதை அன்று வெஸ்லி உணர்ந்தார். இக்கதையை அவரது வரலாறு எழுதுவோர் யாவரும் விரித்துரைப்பர். நம் கேள்விக்கு இதனினும் உதவுவது ஜியார்ஜியாவில் அவருக்கு நேர்ந்த வேறொரு நிகழ்ச்சி.

சவன்னா நகரத்துத் தலைமை நீதவானின் உறவுப் பெண் சோபியா ஹாப்கி. வெஸ்லி அவளுக்குப் பிரெஞ்சு மொழி கற்பித்தார்; அவள்மேல் காதலும் கொண்டார். மணப்பதா விடுவதா என்று துணிய முடியவில்லை. 1737-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூன்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார். ‘இதனை இனி நினையாதே’ என்னும் பொருளுடைய சீட்டு வந்தது. தம் நெஞ்சை நம்ப அஞ்சிய மனிதர் அதனைச் சீட்டின் காலடியில் வைத்தார். சில நாட்களுக்குள் அவள் வில்லியம்சன் என்பவரை மணந்தாள். ஆகஸ்டு மாதத்தில் அவள் திருவிருந்துக்கு வந்தபோது வெஸ்லி அவளை எல்லார் முன்னிலையிலும் விலக்கி நிறுத்தினார். திருவிருந்தில் பங்குகொள்வோர் முன்னரே குருவிடம் பெயர் கொடுக்க வேண்டுமென்று ஆங்கிலத் திருச்சபையின் பிரார்த்தனை நூலில் விதி உண்டு; அவள் கொடுக்கவில்லை. தாம் கண்ட பிற குற்றங்களுக்கு அவள் வருந்தவுமில்லை என்றார். கணவன் ஆயிரம் பவுன் நட்ட ஈடு கேட்டு வழக்கிட்டான். பத்துக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவ்வாண்டு டிசம்பரில் வெஸ்லி அவ்வூரை விட்டு வெளியேறினார்.

விதி இருந்தது உண்மை. அவள் பெயர் கொடாததும் உண்மை. ஆயினும் பீடத்தின்முன் அன்று நின்றது விதியா, அவ்விதியின் அங்கியைப் போர்த்துக்கொண்ட புண்பட்ட நெஞ்சமா? நம் தீர்ப்பு இரண்டாவதே. கோயிற் காரியக் கூட்டங்களிலும் சங்கங்களிலும் இதனை நாம் கண்டதில்லையா? ஒருவனை விலக்குவதென்று முதலில் மனத்துள் முடிவு செய்துவிட்டுப் பின்னர்தான் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். புரட்டினால் ஏதேனும் ஒரு விதி அகப்படாமற் போகாது. ஆகவே, விதியின் வழி நடப்பவன் நெஞ்சின் வழி நடக்கவில்லை என்று எண்ணுதல் தவறு. அவனும் நெஞ்சின் வழியேதான் நடக்கிறான், அதனை அறியாமல் நடக்கிறான், அவ்வளவே வேற்றுமை.

தோல்வியோடு தாயகம் திரும்பிய வெஸ்லி, 1738-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் மாலை இலண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்திற்கு மனமின்றிச் சென்றார். அங்கு ஒருவர் மார்ட்டின் லூத்தர் எழுதிய ஒரு முன்னுரையைப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி இருக்கையில் தம் உள்ளத்தில் வியத்தகு அனல் மூண்டதாக அவர் குறித்துவைத்தார். அவர் வாழ்வின் திருப்பம் அதுவென்பர்.

திரும்பியது என்ன என்பதை மறு ஆண்டு நிகழ்ச்சியிற் காணலாம். கோயிற் கட்டடத்திற்கு வெளியே போதிப்பது ஒழுங்குக்கு மாறென்று அதுகாறும் உறுதியாக எண்ணியவர், 1739-ஆம் ஆண்டு ஏப்பிரல் 2-ஆம் நாள் பிரிஸ்டல் நகரருகே செங்கற் சூளை நிலத்தில் ஒரு மேட்டின்மேல் நின்று ஏறக்குறைய 3,000 பேருக்குப் போதித்தார். அண்மையிலிருந்த கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத்து ஏழைகள் எக்கோயிலிலும் கால் வைத்துப் பழகியவரல்லர். ஜியார்ஜியாவில் ஒரு பெண்ணை விதி காட்டி வெளியே நிறுத்தியவர், இங்கே வெளியே நின்றவரைத் தேடித் தாமே வெளியே வந்தார். உள்ளம் அனல் கொண்டதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆனால் கதை இவ்விடத்தில் முடியவில்லை. முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையும் இராது. இலண்டனில் பெட்டர் லேன் என்னுமிடத்தில் கூடிய அன்பர்களிற் சிலர், உள்ளத்தில் முழு நம்பிக்கை பிறக்கும்வரை ஜெபமும் வேண்டா, திருவிருந்தும் வேண்டா, நற்செய்கையும் வேண்டா. சும்மா இருப்பதே தக்கது என்று போதிக்கத் தலைப்பட்டனர். நெஞ்சின் பெயரால் பசித்தவனுக்குச் சோறிடுவதும் நின்றுபோமோ என்று வெஸ்லி திடுக்கிட்டார். 1740-ஆம் ஆண்டு ஜூலையில் அவர்களைப் பிரிந்தார். 1743-ஆம் ஆண்டில் தம் சபையாருக்குப் பொது விதிகளை அச்சிட்டளித்தார். தீமை செய்யாதிருத்தல், நன்மை செய்தல், வழிபாட்டைக் கைவிடாதிருத்தல் என்னும் மூன்றனுள் அவை அடங்கும். முறைக்காரர் மீண்டும் முறைக்கே வந்தார் என்று சிரிப்போர் சிரிக்கட்டும். முன்னை விதிகள் தம் பக்தியை அளக்க எழுதிய விதிகள். இவை பெரும்பாலும் அயலானுக்குத் தீங்கு நேராமற் காக்க எழுதியவை. நூலாட்டத்தில் இரண்டும் விதியே. நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இனி, நெஞ்சின் வழியே நடப்போம் என்பார் அறியவேண்டிய கசப்பான செய்தி ஒன்று உண்டு. வெஸ்லியின் தோழர் ஜார்ஜ் ஒயிட்பீல்டு. நெஞ்சுருகப் பேசிக் கேட்போரையும் உருக்குவதில் வெஸ்லியினும் வல்லவர். சுரங்கத் தொழிலாளரிடம் முதலிற் சென்றவரும் அவரே. ஜியார்ஜியாவில் 1740-ஆம் ஆண்டில் அநாதைப் பிள்ளைகளுக்கென்று விடுதி கட்டினார். அந்நாட்டிலோ நீக்ரோ அடிமைகளை வைத்திருத்தல் 1735-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. (அச்சட்டம் கருணையால் மட்டும் பிறந்ததன்று, எல்லையிலிருந்த ஸ்பானியரைப் பற்றிய அச்சமும் அதற்குக் காரணம்.) விடுதிச் செலவுக்கு வயல் வேலை வேண்டும், வயலுக்கு அடிமைகள் வேண்டும் என்று கூறி ஒயிட்பீல்டு அத்தடையை நீக்கப் பாடுபட்டார். பக்கத்து நாடாகிய தென் கரோலினாவில் அடிமைகளோடு கூடிய தோட்டம் ஒன்றையும் பெற்றார். 1751-ஆம் ஆண்டில் தடை நீங்கிற்று. அநாதைகளுக்காகக் கண்ணீர் விட்ட அதே நெஞ்சமே அடிமைகளை விலைக்கு வாங்கிற்று. அப்போது உறுத்தல் கொள்ளவில்லை. உயிரற்ற ஒரு சட்டம், அனல் மூண்ட ஒரு நெஞ்சத்தைவிட நீதியாக நின்றது!

இதனை வெள்ளைக்காரர் குற்றமென்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. தஞ்சை, திருச்சி, வேப்பேரி முதலிய ஊர்களின் தமிழ்ச் சபைகளில் உருக்கமான பாட்டுக்கும் பக்திக்கும் குறைவிருந்ததில்லை. ஆயினும் உயர்ந்த ஜாதியாரும் தாழ்த்தப்பட்டாரும் ஒரே கோயிலில் வேறு வேறு இடத்தில் அமர்ந்தனர். 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், ஜாதி வேற்றுமை திருச்சபையில் இருத்தலாகாதென்று கட்டளை விடுத்தார். பலர் ஜாதியை விடவில்லை, சபையை விட்டனர். ‘எங்கள் உள்ளம் ஒப்பவில்லை’ என்பதே அவர்கள் நிலை. ஒப்பாத உள்ளம் ஒருவனுக்குப் பரிசுத்தத்தினால் அமைவதுமுண்டு, பழக்கத்தினால் அமைவதுமுண்டு. உள்ளே கேட்கும் குரல் கடவுளுடையதா, பாட்டனாருடையதா என்று பிரித்தறிவது எளிதன்று.

வெஸ்லியின் நெஞ்சமும் இதற்கு விலக்கன்று. அவர் தென் கரோலினாவில் அடிமைகளை நேரிற் கண்டு உரையாடியது 1737-ஆம் ஆண்டில். உள்ளம் அனல் கொண்டது 1738-இல். அடிமைத்தனத்தை எதிர்த்து அவர் தனி நூல் எழுதியதோ 1774-ஆம் ஆண்டில்! இடையில் 36 ஆண்டுகள். அந்நூலை எழுதத் தூண்டியது மற்றொரு கூட்டத்து அனுபவமன்று. குவேக்கர் வகுப்பைச் சேர்ந்த அந்தோனி பெனிசெட் என்பார் எழுதிய நூல். அடிமைகள் எவ்வாறு பிடிக்கப்படுகின்றனர், கப்பலில் எவ்வாறு அடைக்கப்படுகின்றனர், தோட்டத்தில் எவ்வாறு வதைக்கப்படுகின்றனர் என்னும் செய்திகளை 1772-ஆம் ஆண்டில் அவர் படித்தார். செய்தியறியாத நெஞ்சம் எவ்வளவு தூயதாயினும் கண்ணில்லாத நெஞ்சமே. ஒரு மனிதனை அடிமையாக்கும் செயலை எச்சட்டமும் நியாயமாக்க இயலாதென்று அந்நூலில் அவர் வாதிடும்போது, விதிக்கு மேலாக நெஞ்சை நிறுத்துகிறார். ஆனால் அது 1738-இன் நெஞ்சமன்று. பிறர் துயரைக் கற்ற நெஞ்சம். (அடிமைத்தனம் ஒழிந்த சர்க்கரைத் தீவுகளில் அவ்விடத்தை நிரப்பக் கப்பலேறியோர் ஒப்பந்தக் கூலிகள். மலாயாவுக்கு வந்த நம் முன்னோரிற் பலரும் 1910-இல் அம்முறை நிறுத்தப்படும்வரை அவ்வாறே கைநாட்டு வைத்து வந்தவர் என்பதை வாசிப்போர் நினைவில் வைக்க.)

மற்றொன்று. அவ்வனல் என்ன ஆயிற்று? 1766-ஆம் ஆண்டில் தம்பி சார்ல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், சில சொற்களைச் சுருக்கெழுத்தில் மறைத்து, தாம் கடவுளிடம் அன்பு கொண்டதே இல்லையென்று வெஸ்லி எழுதுகிறார். உலகறிந்த போதகர், 63 வயதில், தம் உள்ளே வறட்சியையே காண்கிறார்! எனினும் வேலையில் ஊக்கம் குன்றவில்லை என்றும் அதே கடிதம் கூறுகிறது. உணர்ச்சியே நெஞ்சம் என்று கொண்டால் அவரிடம் அன்று நெஞ்சமில்லை. மழையிலும் பனியிலும் குதிரையேறி ஏழைகளைத் தேடிச் சென்றது எதுவோ அதுவே நெஞ்சம் என்று கொண்டால், அது அவரிடம் நிறைய இருந்தது. அதனை மணிக்கு மணி மதிப்பெண் போட்டுப் பார்க்கும் வழக்கம் மட்டும் அவரை விட்டு நீங்கியிருந்தது.

1791-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், 87 வயதுக் கிழவராய்ப் படுக்கையை அணுகிய நிலையில், அடிமை வாணிகத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்ற வில்பர்போர்சுக்கு அவர் கடிதம் எழுதினார். ஆப்பிரிக்கராகிய ஒரு முன்னாள் அடிமை எழுதிய நூலை அப்போதுதான் படித்திருந்தார். வெள்ளையன் ஒருவன் இழைத்த தீங்கைக் கறுப்பன் ஒருவன் சத்தியம் செய்து கூறினாலும் குடியேற்ற நாடுகளில் அச்சத்தியம் செல்லாது என்னும் சட்டம் அவரைத் துன்புறுத்திற்று. அதனையே எடுத்தெழுதி, சோர்வடையாமற் போராடும்படி அவரை ஊக்கினார். ஆறு நாட்களுக்குப் பின், மார்ச்சு 2-ஆம் நாள் இறந்தார்.