ஒருவருக்கு நோய், பத்தியம் யாருக்கு?



முதல் நன்மை ஆயத்த வகுப்புகள் ஆரம்பித்த வாரத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தம்பதியினர் எம்மைக் காண வந்தனர். அவர்களுடைய மூத்த மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு ஆண்டுகளாக ஓயாத வயிற்றோட்டம், வயிற்று ஊதல், இரத்தசோகை. வயதுக்கேற்ற வளர்ச்சியும் இல்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், கஷாயம் கொடுத்தார்கள், நேர்த்தியும் வைத்தார்கள். ஈற்றில் இரத்தப் பரிசோதனையும், சிறுகுடலிலிருந்து எடுத்த துணுக்கின் பரிசோதனையும் நோயின் பெயரைச் சொல்லின: சீலியாக் நோய். கோதுமை இனி ஆயுள் முழுவதும் ஆகாது என்று வைத்தியர் கூறிவிட்டார்.

தாய் கேட்டது ஒன்று. "சுவாமி, பிள்ளைக்கு நற்கருணை குடுக்கலாமோ?"

தகப்பன் கேட்டது வேறொன்று. "ஒரு பிள்ளைக்காக வீட்டில எல்லாரும் பாணை விடவேணுமோ? மற்ற மூண்டு பேரும் என்ன பாவம் செய்தவை?"

தாயின் கேள்விக்குத் திருச்சபை விடை கூறியிருக்கின்றது. அதைப் பின்னர் சொல்வோம். தகப்பனின் கேள்விக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் விடை இல்லை. அதைக் கேட்டபோது அவருடைய குரலில் கோபத்தைவிட வெட்கமே கூடுதலாகத் தெரிந்தது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்ற வெட்கம். கேட்கவேண்டிய கேள்விதான் அது. நோயாளி உள்ள எத்தனையோ வீடுகளில் அந்தக் கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமலே சாப்பாட்டு மேசையில் தினமும் குந்தியிருக்கின்றது.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்னும் புரதம் உண்டு. இந்நோய் உள்ளவரின் உடல் அப்புரதத்தைக் கண்டதும், தன் சிறுகுடலையே தான் தாக்கத் தொடங்கிவிடுகின்றது. உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து போகின்றன. பிள்ளை உண்ணும், ஆனால் உண்டது உடலில் ஒட்டாது. இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. குளுட்டனை முற்றாக நீக்குவது ஒன்றே சிகிச்சை. நீக்கினால் குடல் மெல்ல மெல்லத் தேறும். சிறுவருக்குப் பெரியவர்களைவிட விரைவாகத் தேறும். ஆனால் பாண் தூள் விழுந்த கத்தியால் வெட்டிய பழமும் நாளாந்தம் சேர்ந்தால் தீங்கு செய்யவல்லது. "குளுட்டன் அற்றது" என்று விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருத்தலாகாது என்பது சர்வதேச நியமம். எவ்வளவு சிறிய அளவு என்று வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

(வயிற்றுவலி உள்ளவர் எவரும் இதை வாசித்துவிட்டு நாளைக்கே தாமாகப் பாணை நிறுத்திவிட வேண்டாம். பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தினால், நோய் இருந்தாலும் இல்லையென்றே முடிவு வரக்கூடும்.)

இந்த உண்மை கண்டறியப்பட்ட விதம் ஒரு பிரசங்கத்துக்குரியது. 1924இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி ஹாஸ் என்பவர் இந்நோய்ப் பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழத்துக்குப் பெரும் புகழ் உண்டாயிற்று. உண்மையில் அவர்களைத் தேற்றியது வாழைப்பழம் அன்று. அந்த உணவு முறையில் பாண் இல்லாமற் போனதே காரணம். ஒல்லாந்தில் வில்லெம் டிக்கே என்னும் குழந்தை வைத்தியர் கோதுமையை முன்னரே சந்தேகித்திருந்தார். 1944-45 குளிர்காலத்தில், யுத்தத்தால் அந்நாட்டில் கொடும் பஞ்சம் வந்து பாண் அருகியபோது, ஊரெல்லாம் வாட, இந்நோய்ப் பிள்ளைகள் மட்டும் மோசமடையாததைக் கண்டு அவருடைய சந்தேகம் உறுதிப்பட்டது. 1950இல் அதனை ஆய்வு நூலாக வெளியிட்டார்.

இங்கே நாம் ஒரு கணம் நிற்க விரும்புகின்றோம். கொடுத்த பொருளுக்கே புகழ் கிடைக்கின்றது. நீக்கிய பொருளை ஒருவரும் எண்ணுவதில்லை. எமது அன்பும் இப்படித்தான். நோயாளியைப் பார்க்கப் போகும்போது எதையாவது கொண்டு போகவேண்டும் என்பது எம் வழக்கம். கொண்டு போவது என்ன? மாரி பிஸ்கற், பாண், மோல்ற் சேர்ந்த பானம். இந்தப் பிள்ளைக்கு அவை மூன்றும் நஞ்சு. அந்த வீட்டிலும் அப்பம்மா இரண்டு தடவை பேத்தியின் கைக்குள் ஒளித்துப் பிஸ்கற் வைத்திருக்கின்றார். "கொஞ்சம் திண்டால் ஒண்டும் செய்யாது. நாங்கள் எல்லாம் இதுகளைத் திண்டுதானே வளந்தனாங்கள்?" என்பது அவருடைய வாதம். அந்தக் கிழவியின் அன்பில் நமக்கு ஐயமில்லை. கொடுக்காமல் இருப்பதும் அன்பின் செயலே என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாமும் கோவிலில் கொடுப்பதைப் பற்றித்தான் பெரும்பாலும் பிரசங்கிக்கின்றோம்.

இனி அந்தத் தகப்பனின் கேள்விக்கு வருவோம்.

ஒருவருடைய நோய்க்கு இன்னொருவர் பத்தியம் காப்பது எமக்குப் புதியதா? பால்குடிக் குழந்தைக்கு வருத்தம் என்றால் எமது பரியாரிமார் தாய்க்கே பத்தியம் சொன்னார்கள். தாய் புளி தவிர்ப்பாள், காரம் தவிர்ப்பாள். "வருத்தம் பிள்ளைக்கு, எனக்கேன் பத்தியம்?" என்று எந்தத் தாயும் கேட்டதில்லை. பால் மறந்த பின்னர் அந்தக் கடமையும் மறந்துபோகின்றதா, அல்லது தாயிடமிருந்து முழுக் குடும்பத்துக்கும் கைமாறுகின்றதா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

உடல்நலத்தைப் பேண எவ்வளவு தூரம் போகக் கடமைப்பட்டுள்ளோம் என்று ஒழுக்கவியலார் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். சாதாரண வழிகளைக் கைக்கொள்ளக் கடமை உண்டு, அசாதாரண வழிகளுக்குக் கடமை இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. இன்று இதைச் செயற்கைச் சுவாச இயந்திரங்களைப் பற்றிய பேச்சிலேயே கேட்கின்றோம். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் சலமங்காவிற் போதித்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தே வித்தோரியா இதைப் பேசியது உணவைப் பற்றித்தான். கோழியிறைச்சி போன்ற சிறப்பு உணவு உண்டால் ஆயுள் நீளும் என்று வைத்தியர் சொன்னாலும், அதை உண்ண ஒருவன் கடமைப்பட்டவனல்லன். பொதுவான மனிதர் உண்ணும் உணவு போதும் என்றார் அவர். இதை எமது வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் விலையுயர்ந்த குளுட்டன் அற்ற பாணும் பிஸ்கற்றும் வாங்கிக் கடன்பட இந்தக் குடும்பத்துக்குக் கடமையில்லை. ஆனால் சோறு? பச்சையரிசி மாப் பிட்டு, இடியப்பம், உழுந்தும் அரிசியும் அரைத்த தோசை, ஒடியற் கூழ், குரக்கன், மரவள்ளி, பயறு? இவை அசாதாரண வழிகளா? ஐரோப்பாவில் இந்நோய் வந்தவன் தன் நாட்டின் தாய் உணவையே துறக்க வேண்டும். நாமோ வந்தேறியை மட்டும் துறந்தால் போதும். கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. 1942இல் பர்மா அரிசி வராமல் நின்ற பின்னரே கோதுமை மா எமது குசினிகளில் பெருமளவு புகுந்தது. அதே மாவுக்காக 1970களின் முற்பகுதியில் விடியற்காலையில் பாண் வரிசையில் நின்றதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எளிய வழி கையெட்டும் தூரத்தில் இருப்பவனுக்குக் கடமையும் அதிகம் என்பதே எமது கருத்து.

எளிது என்று சொல்லிவிட்டோம். அந்தத் தாய் இதை வாசித்தால் சிரிப்பார். பெருங்காயக் கட்டியில் கோதுமை மா கலந்திருப்பது எமக்கு அவர் சொல்லித்தான் தெரியும். சோயா சோஸிலும் கோதுமை உண்டு. கடை இடியப்பம் எந்த மாவில் அவித்தது என்று யாருக்குத் தெரியும்? குரக்கனை மில்லில் அரைக்கக் கொடுத்தால், அதற்கு முன் அதே பொறியில் கோதுமை அரைத்திருக்கலாம். ஆகவே அவர் வீட்டில் உரலும் அரிதட்டும் திரும்பி வந்துவிட்டன. "குடும்பம் உணவுப் பழக்கத்தை மாற்றிக்கொண்டது" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். மாற்றியது யார்? முதல் மூன்று மாதமும் அந்தத் தாய் இரண்டு அடுப்பு மூட்டினார். பிள்ளைக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. தகப்பனின் கேள்விக்குரிய மறுபக்கம் இதுதான்: மற்ற மூவரும் பாணை விடாதபடியால், அந்தப் பெண் தன் நித்திரையை விட்டார்.

இதை எழுதும்போது எமது தாயாரின் நினைவு வருகின்றது. அவருக்கு வயிற்றுப்புண். கொதிக்கக் கொதிக்கத் தூள் போட்டு எங்கள் எல்லோருக்கும் கணவாய்க் கறி சமைத்துவிட்டு, தான் ஒரு மூலையில் கஞ்சியும் உப்பும் வைத்துக் குடிப்பார். நாங்கள் ஐந்து பிள்ளைகள். கறிக்கு உறைப்புக் குறைந்தால் முகம் சுளிப்போம். தபசு காலத்தில் அவர் ஒருசந்தியும் பிடிப்பார். நோயாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று அவருக்கு யாரும் கூறவில்லை. புனித இஞ்ஞாசியார் 1548இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், உபவாசத்தைக் குறைத்து வயிற்றைப் பேணும்படி புத்தி சொன்னதை நாம் குருமடத்தில் படித்தபோது, எமது தாயார் இறந்து இரண்டு வருடம். பிள்ளைக்கு நோய் என்றால் வீடு மாறுமா மாறாதா என்று வாதாடவாவது செய்கின்றோம். தாய்க்கு நோய் என்றால் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

கொரிந்தியருக்குப் புனித சின்னப்பர் எழுதிய முதல் நிருபத்தில் உணவைப் பற்றிய இரண்டு இடங்கள் உண்டு. எட்டாம் அதிகாரத்தில், தன் உணவு சகோதரனுக்கு இடறலாயின் இறைச்சியை என்றென்றைக்கும் விடத் தயார் என்கிறார். இதை நம் விடயத்துக்கு எடுத்துக்காட்ட விருப்பமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் அங்கு அவர் பேசுவது மனச்சாட்சியின் பலவீனத்தை, குடலின் பலவீனத்தை அன்று. வசனத்தை வளைக்க நாம் துணியோம். பதினோராம் அதிகாரமே நமக்குக் கூடுதலாகப் பொருந்தும். ஆண்டவரின் விருந்துக்கென்று கூடியவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் உணவை முந்தி உண்ண, ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் வெறித்திருந்தான். சின்னப்பர் கண்டித்தது உணவின் அளவை மட்டும் அன்று; ஒரே மேசையில் பல மேசைகள் இருந்ததையே. நால்வர் பாணும் சம்பலும் உண்ண ஒரு பிள்ளை தனிக் கோப்பையோடு பார்த்திருக்கும் வீட்டில், பிள்ளைக்கு வயிறு நிறையலாம். அது அங்கே விருந்தாளியாகவும் இல்லை, வீட்டாராகவும் இல்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை அலட்சியம் செய்யலாகாது. வீடு முழுவதும் ஒரு பிள்ளையைச் சுற்றிச் சுழன்றால், அந்தப் பிள்ளை தன் நோயையே செங்கோலாகப் பிடித்துக்கொள்ளும். மற்றப் பிள்ளைகள் மனத்தில் பொறாமை முளைக்கும். இப்படிச் சிதைந்த வீடுகளை நாம் கண்டிருக்கின்றோம். ஆகவே அந்தத் தகப்பனுக்கு நாம் சொன்னது, எல்லாவற்றையும் விடுங்கள் என்பதன்று. வீட்டு அடுப்பு ஒன்றாக இருக்கட்டும், எல்லோரும் கூடி உண்ணும் வேளைகளில் எல்லோருக்கும் ஒரே உணவு இருக்கட்டும். பாண் ஆசை வந்தால் தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் உண்டுவிட்டு, வாயும் கையும் கழுவி வரட்டும். அதில் குற்றமில்லை, ஒளிவும் வேண்டாம். மாவிடிக்கும் வேலையில் பாதி அவருடையது. மகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும்: தம்பிமார் அவளுக்காக ஒன்றை விட்டிருக்கின்றார்கள் என்று. நன்றி சொல்லப் பழகும் பிள்ளை செங்கோல் பிடிக்காது. இன்னுமொன்று: கூடப்பிறந்தவர்களுக்கும் இந்நோய் இருக்க ஏறத்தாழப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு, ஆதலால் தம்பிமாரையும் பரிசோதிப்பது நன்று. இதைக் கேட்டபோது தகப்பனின் முகம் மாறியது. தன் கணக்கில் ஒரு பக்கத்தில் மூவரையும் மறுபக்கத்தில் ஒருத்தியையும் வைத்திருந்தவருக்கு, அந்தக் கோடு அவ்வளவு நேரானதல்ல என்று அப்போது தோன்றியிருக்கவேண்டும்.

கடைசியாகத் தாயின் கேள்வி. நற்கருணைக்குரிய அப்பம் கோதுமையினாலேயே ஆகவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003ஆம் ஆண்டு யூலை 24ஆந் திகதி, பின்னாளில் 16ஆம் ஆசீர்வாதப்பராகிய கர்தினால் றற்சிங்கரின் கையொப்பத்துடன் அனுப்பிய கடிதத்திலும், வழிபாட்டுப் பேராயம் 2017இல் அனுப்பிய சுற்றுமடலிலும் இது விளக்கப்பட்டுள்ளது. குளுட்டன் முற்றாக நீக்கிய அப்பம் செல்லாது. அப்பமாவதற்குப் போதிய அளவு குளுட்டன் எஞ்சியுள்ள, குறைந்த குளுட்டன் அப்பம் செல்லும். அதுவும் ஆகாதவர் இரச வடிவில் மட்டும் நன்மை வாங்கலாம். இரு வடிவிலும், ஒவ்வொன்றிலும், கிறிஸ்து முழுமையாகவே இருக்கின்றார். குறைந்த நன்மை என்று ஒன்றில்லை.

குறைந்த குளுட்டன் அப்பம் எல்லாப் பங்குகளிலும் கைவசம் இருப்பதில்லை. அந்தச் சிறுமி இரச வடிவில் முதல் நன்மை வாங்குவாள் என்று முடிவாகியுள்ளது. குருவானவர் பிட்ட அப்பத்தின் துணிக்கை பிரதான பாத்திரத்தில் இடப்படுவதால், அவளுக்கென வேறொரு சிறு பாத்திரம் பீடத்தில் வைக்கப்படும்; அதை அவளே முதலில் பெறுவாள். அவள் தனியே நிற்காதபடி தாயும் தகப்பனும் அதே பாத்திரத்திலிருந்து அவளுக்குப் பின் பெறுவதற்கும் ஒழுங்கு செய்யப்படுகின்றது. இதைக் கேட்டது தகப்பன்தான்.

இத்தகைய வருத்தம் உள்ள வேறு பிள்ளைகளோ பெரியவர்களோ எமது பங்குகளில் இருப்பின், பூசைக்கு வருமுன் பங்குக் குருவிடமோ சங்கிலித்தாமிடமோ ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நன்மை வேளையில் வரிசையில் வந்து நின்று சொன்னால், அப்பம் தொட்ட கையோடு இருக்கும் குருவானவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.