சாகாத புலி

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் திண்ணைக் கல்லில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புள்ளி 23, புலி 3, ஆடு 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. சுத்தி நின்னு வழியை அடைக்கலாம், அவ்வளவுதான்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுறவங்களுக்கு வேறொரு புலியைத் தெரியும். 2014 பதிப்பில் அதற்கு 37 உயிர்ப்புள்ளி. பகடை உருட்டி அதைப் பூஜ்யமாக்கினால் புலி காலி. விளையாட்டுதானே, இதில் என்ன பாவம்? பாவமில்லை. ஆனால் எது வெற்றி என்பதை விளையாட்டுதான் நமக்குப் பழக்குகிறது. அங்கே புலி இல்லாமல் போவது வெற்றி. நம்ம திண்ணையில் ஆடு ஜெயித்தாலும் மூன்று புலியும் கட்டத்திலேயே இருக்கும்.

உடனே பெருமைப்பட வேண்டாம். அசைய முடியாத புலி என்ன புலி? 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் காட்டைச் சுற்றி ஊரும் தோட்டமும் சாலையும் வைத்து அடைத்து நிற்பதும் நாம்தான். அதே நேரம், ஆட்டைப் பறிகொடுத்த மேய்ப்பருக்கு அது வெறும் காய் இல்லை.

இரண்டு பக்கமும் நகர ஒரு புள்ளியாவது மிச்சமிருந்தால் ஆட்டம் முடியாமல் இழுக்கும். திண்ணையில் அதை யாரும் வெற்றி என்று சொல்வதில்லை. காட்டில் அதுதான் வெற்றி.