அரசி காணாத கடிகாரம்

"என்னுடையது" என்னும் சொல்லைக் குழந்தை மிக விரைவில் கற்றுக்கொள்கிறது. முதியவர் அதனை மிகத் தாமதமாகவே கைவிடுகிறார். இவ்விரு முனைகளுக்கும் இடையே அச்சொல் எதைக் குறிக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பொருள் என்னுடையது என்றால், அதற்கு நான் விலை கொடுத்தேன் என்பதா? அதற்கு என் பெயர் வழங்குகிறது என்பதா? என் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது என்பதா? அன்றி, அது எனக்குப் பயன்பட்டது என்பதா? இவ்வினாக்களை ஒரு பொற்கடிகாரத்தின் வரலாறு தெளிவாக நம்முன் வைக்கிறது.

1783ஆம் ஆண்டில் பாரிசு நகரின் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஆபிரகாம் லூயி பிரெகே என்பவரிடம் ஒரு பணி ஒப்படைக்கப்பட்டது. பிரான்சு நாட்டு அரசி மரி அந்துவானெத்துக்காக ஒரு பைக்கடிகாரம் செய்ய வேண்டும். அக்காலத்தில் அறியப்பட்ட நுட்பங்கள் அனைத்தும் அதில் அமைய வேண்டும். பிற உலோகங்களுக்கு மாற்றாக இயன்ற இடமெல்லாம் பொன்னே அமைய வேண்டும். செலவுக்கும் காலத்துக்கும் வரையறையில்லை. அரசியின் காவற்படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவரே இதனைக் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

காலத்துக்கு வரையறையில்லை என்று சொன்னவர்கள், காலம் தங்களுக்கு வரையறை வைத்திருந்ததை அறியவில்லை. 1789இல் புரட்சி வெடித்தது. 1792இல் அரச குடும்பம் சிறைப்பட்டது. 1793 அக்டோபர் 16ஆம் நாள் அரசியின் தலை துண்டிக்கப்பட்டது. 1823இல் பிரெகேயும் மறைந்தார். கடிகாரமோ 1827ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றது. எண்ணூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகள் கொண்ட அக்கருவி, நாளும் திங்களும் காட்டியது, வெப்பநிலை காட்டியது, விசையை அழுத்தினால் மணியையும் நிமிடத்தையும் இன்னொலியால் எண்ணிச் சொன்னது. கேட்க வேண்டிய செவிகள்தாம் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே மண்ணுக்குள் போயிருந்தன. இன்றளவும் அக்கடிகாரத்துக்கு வழங்கும் பெயர் 'மரி அந்துவானெத்' என்பதே. ஒருநாளும் தொட்டறியாத ஒருவரின் பெயரால் ஒரு பொருள் உலகெங்கும் அறியப்படுகிறது! பெயர் வழங்குவது உடைமையாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அது பிரபு ஒருவரின் கைக்குச் சென்றது. பழுது பார்க்கக் கொடுத்த அவர் திரும்பப் பெற வரவேயில்லை என்பர். பின்னர்க் கைகள் பல மாறி, 1917இல் இங்கிலாந்தின் செல்வரும் கடிகார ஆய்வாளருமான சர் டேவிட் சாலமன்சு அதனை விலைக்கு வாங்கினார். அவருடைய மகள் எருசலேமில் நிறுவிய அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றது. 1983 ஏப்ரல் திங்களில் ஓரிரவு, அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கடிகாரங்களோடு இதுவும் களவு போயிற்று. திருடியவன் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனை மறைத்தே வைத்திருந்து, இறக்கும் தறுவாயில் தன் மனைவியிடம் உண்மையைச் சொன்னான். 2006இல் வழக்கறிஞர் ஒருவர் வழியாகக் கடிகாரம் அருங்காட்சியகத்துக்கே திரும்பியது.

பெட்டிக்குள் பூட்டி வைப்பதே உடைமை என்றால், அத்திருடனைவிட முழுமையான உடைமையாளர் வேறு யார்? ஆயினும் அதனை அவன் அணிய முடியாது. நண்பருக்குக் காட்ட முடியாது. விலைக்கு விற்கவும் முடியாது. காலம் காட்டும் கருவியை வைத்திருந்தவன் காலமெல்லாம் அதற்குக் காவலாளியாகவே இருந்தான். துய்க்கவும் கொடுக்கவும் படாத பொருளைப் பற்றி வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஒரு தடை எழலாம். அரச குலத்தாரின் ஆடம்பரம் இல்லாவிடில் இத்தகைய அரும்படைப்பு தோன்றியிருக்குமா? நேர்மையான வினாவே. பகட்டு பொருள் கொடுத்தது, கலை பிறந்தது, இரண்டும் உண்மை. ஆனால் நாம் இன்று வியப்பது எதனை? கொடுத்த பொன்னின் எடையை அன்று. பல்லாண்டுகள் குனிந்திருந்து சிறுசக்கரங்களை அராவிய கைகளின் பொறுமையை. அக்கைகளுக்குரியோர் பெயரை நாம் அறியோம். பொருளின் புகழ் வாங்கியவருக்கும், அதன் உழைப்பு செய்தவருக்குமாகப் பிரிந்துபோவதே செல்வத்தின் பழைய அநீதி.

களியக்காவிளையிலிருந்து தெற்கே வந்து, தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்வோர் அங்குள்ள பழைய மணிக்கூண்டைக் காணலாம். கனத்த எடைகள் இறங்குவதால் இயங்கும் கடிகாரம் அது. அரசர் இல்லத்தில் இருந்தாலும் அதன் ஓசை மதிலைத் தாண்டிச் சென்றது. வயலில் நின்றவனுக்கும் பொழுது சொன்னது. 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லைகள் மாறியபின் அவ்வரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. பேணுவதோ கேரள அரசு. எல்லையில் வாழும் நமக்கு, மண் ஒருவருடையதாகவும் பேணுதல் மற்றொருவருடையதாகவும் இருக்கக்கூடும் என்பது புதுமையன்று.

நம் இல்லங்களுக்கு வருவோம். வளைகுடா நாட்டிலிருந்து மகன் அனுப்பிய கைக்கடிகாரம், நல்ல நாளுக்கென்று அலமாரியில் கிடந்து, நல்ல நாள் வருமுன் நின்று போகிறது. அளவுக்கு மிஞ்சிச் சேர்த்த நகை வங்கிப் பெட்டகத்தில் உறங்குகிறது. ஒரு முழ வரப்புக்காக உடன்பிறந்தோர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறுகின்றனர். தீர்ப்பு வரும்போது வரப்பு இருக்கிறது, அண்ணன் தம்பி இல்லை. சேமிப்பே தவறு என்று இதற்குப் பொருளன்று. ரப்பர் வெட்டும் தொழிலாளி மழைக்காலத்துக்கும் நோய்க்குமாக ஒரு பவுனை வைத்திருப்பது வாழ்வதற்காகவே, அப்பவுன் அன்றாடம் அவ்வீட்டின் அச்சத்தைக் குறைக்கிறது, அதுவும் பயனே. தேவைக்காகக் காக்கும் பொருள் நமக்குப் பணி செய்கிறது. பெருமைக்காகக் குவிக்கும் பொருளுக்கு நாம் பணி செய்கிறோம். வேற்றுமை அளவில் மட்டும் இல்லை, நோக்கத்தில் இருக்கிறது.

மரி அந்துவானெத் சிறையில் இருந்தபோது, தமக்கு எளிய கடிகாரம் ஒன்று வேண்டுமென்று கேட்டு, அதே பிரெகேயிடமிருந்து பெற்றார் என்பது வரலாறு. பெருங்கடிகாரம் பட்டறையில் அரைகுறையாய்க் கிடந்த நாள்கள் அவை. மணி எத்தனை என்று அறிந்துகொள்ள மட்டுமே பயன்பட்ட அந்தச் சிறு கருவி, எஞ்சிய நாள்களை அவருக்கு எண்ணிச் சொன்னது. இரண்டில் எது அவருடையது? இவ்வினாவுக்கு விடை காண்பது எளிது. நம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இவற்றுள் எது என்னுடையது என்று கேட்பதே கடினம்.