சுண்ணாம்பிட்ட கலயம்

இராமேசுவரத் தீவில் தங்கச்சிமடத்துக்கு அருகே, கரையிலிருந்து சற்று விலகிக் கடலுக்குள்ளேயே வில்லூண்டி தீர்த்தம் என்றொரு நன்னீர் ஊற்று இருக்கிறது. சீதாபிராட்டியாரின் தாகம் தணிய வேண்டி இராமபிரான் தம் வில்லை ஊன்றிய இடத்தில் அது சுரந்தது என்பது ஐதிகம். போர், வெற்றி, பிரம்மஹத்தி தோஷம், சிவலிங்கப் பிரதிஷ்டை என்று பெரிய விஷயங்களையெல்லாம் சுமந்து நிற்கும் இத்தலத்தின் புராணம், வழிநடந்து களைத்த ஒரு பெண்ணின் நாவறட்சிக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறதே என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. உப்பூரில் பிள்ளையாரை வணங்கி, தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைத் தொழுது, திருப்புல்லாணியும் சேதுக்கரையும் கண்டு, 1914-ஆம் ஆண்டில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பு படகேறித் தீவை அடைந்த யாத்திரிகர்களுக்கு, இந்தக் கதையின் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திராது.

அந்த வழியில் தாகம் தீர்த்தவை கிணறுகளும் சத்திரங்களும் மட்டுமல்ல; பனைமரங்களும்தாம். மாசி பிறந்தால் சாயல்குடி, கடலாடிப் பக்கத்துப் பனங்காடுகளில் பனையேறிக் குடும்பங்கள் ஓலையால் விடிலி போட்டு, பருவம் முடியும்வரை அங்கேயே தங்கிவிடுகின்றன. காலிலே தளைநாரும் இடுப்பிலே அரிவாள் பெட்டியுமாக மரமேறுகிறவர், பாளையைக் கடிப்பால் நசுக்கி, நுனியை மெல்லிதாய்ச் சீவி, அதன் வாயில் கலயத்தைக் கட்டுகிறார். கட்டுவதற்கு முன் கலயத்தின் உட்புறமெங்கும் சுண்ணாம்பைத் தடவிவிடுகிறார். இரவெல்லாம் சொட்டுச் சொட்டாய் இறங்கிய சாற்றை விடியுமுன் இறக்கி, மிதக்கும் தேனீக்களும் நுரையும் நீங்கப் பன்னாடையில் வடிகட்டி, மடித்த ஓலைப்பட்டையில் ஊற்றித் தரும்போது, அதன் குளிர்ச்சி பல்லில் பட்டுத் தெறிக்கும். அதுவே பதநீர். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கியிருந்தால், காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் குடியிருக்கும், நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்துக்குள் சர்க்கரையை மதுவாக மாற்றியிருக்கும், அது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறியவரும் ஒருவரே.

ஒன்றைப் புண்ணியமென்று தண்ணீர்ப்பந்தலில் வைக்கிறோம். மற்றொன்றைப் பாதகமென்று ஊருக்கு வெளியே ஒதுக்குகிறோம். அப்படியானால் தோஷம் எங்கே இருக்கிறது? வஸ்துவிலா, காலத்திலா, அல்லது அதைப் பிறர்க்கு அளிப்பவனுடைய சங்கல்பத்திலா?

வஸ்துவில்தான் இருக்கிறது என்று சாதிப்பது எளிதன்று. கள்ளைப் பகிர்ந்து உண்ட பெருந்தகைமையை அதியமானுடைய குணங்களுள் முதலாவதாக வைத்து, அவன் மறைவுக்கு ஔவையார் புலம்பியிருப்பதைப் புறநானூறு படித்தவர் அறிவர். வள்ளுவரோ கள்ளைக் கடிந்து ஓர் அதிகாரமே செய்தார். ஆயினும், புலால் மறுத்தலைத் துறவறத்தில் வைத்த அப்பெரியவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் சூதுக்கும் மருந்துக்கும் முன்னே, நட்பையும் பகையையும் பேசும் பகுதியில் கொண்டுபோய் வைத்ததைப் பலர் கவனிப்பதில்லை. அவர் கண்ணில் கள் தீட்டன்று. மானத்தையும் மதிப்பையும் அழிப்பது, ஆகவே விலக்கத்தக்கது. கிராமத்து அய்யனார் கோயிலிலோ, ஒரே எல்லைக்குள் அய்யனாருக்குச் சர்க்கரைப் பொங்கலும் காவல் நிற்கும் கருப்பருக்குக் கள்ளும் சாராயமும் படைக்கிறார்கள். ஓரியூரில் 1693-ஆம் ஆண்டில் உயிர்நீத்த கத்தோலிக்கத் துறவி அருளானந்தரின் திருத்தலத்திலோ, புளித்துப் பக்குவமான திராட்சைரசமின்றித் திருப்பலி நிறைவேறாது. ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் உரிய இஸ்லாமிய தர்ம சாஸ்திரமோ, பேரீச்சையும் திராட்சையும் ஊறிய நீரை இனிமையாக இருக்கும்வரை ஏற்று, போதை ஏறியதும் விலக்கிவிடுகிறது. ஒரு கடற்கரைக்குள்ளேயே இத்தனை தீர்ப்புகள் இருக்கும்போது, சாற்றின் தலையில் மட்டும் பழியைச் சுமத்துவது நியாயமாகப் படவில்லை.

காலத்தில்தான் தோஷம் என்பார் சற்று நெருங்கி வருகிறார்கள். விடியலில் அமிர்தமாக இருந்தது வெயில் ஏற ஏற மாறுகிறதென்றால், மாற்றத்தை நிறுத்தினால் போதுமல்லவா? இங்கேதான் குளிர்ச்சியின் மகிமை வருகிறது. மண்கலயத்தின் நுண்துளைகளில் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் பானம் குளிர்கிறது. குளிர்ந்த இடத்தில் நுண்ணுயிர்கள் சோம்பிக் கிடக்கின்றன. மேல்நாடுகளில் வீட்டிலே தாமே காய்ச்சிய பியரைப் பீப்பாயில் அடைத்துக் காட்டுக்குக் கொண்டுபோய், பனிக்கட்டிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் குழாய் வழியே செலுத்திக் குளிர்வித்து, கூடாரத்து நண்பர்களுக்குக் குழாயிலிருந்தே பிடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. நம்மவர்க்கும் பனிக்கட்டி மோகம் புதிதன்று: அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைப் பாதுகாக்கவே 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. ஆனால் குளிர் எதையும் நிவர்த்திப்பதில்லை, ஒத்திப்போடுகிறது, அவ்வளவே. பனிக்கட்டி உருகிய பின் நுண்ணுயிர்கள் தம் வேலையைத் தொடங்கிவிடும். புலன்களைச் சூழ்நிலையால் மட்டும் அடக்கி வைத்திருக்கிறவர்களுடைய நிலையும் ஏறக்குறைய இதுவே.

சுண்ணாம்பின் காரியம் வேறு. அது முதல் துளி விழுவதற்கு முன்பே, முந்திய நாள் மாலையிலேயே கலயத்துக்குள் போய்விடுகிறது. சாறு நிரம்பி, மணம் எழுந்து, ஆசையும் எழுந்த பின்பு, இது பதநீராக இருக்கட்டுமா கள்ளாக இருக்கட்டுமா என்று யோசிக்கப் பனையேறிக்கு அவகாசமில்லை. விரதங்களுக்கு முதல்நாளே சங்கல்பம் செய்துகொள்ளும் நம் முன்னோரின் வழக்கத்தில் இருக்கும் விவேகமும் இதுதான் என்று நினைக்கிறேன். சோதனை வந்த நேரத்தில் மனம் நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்லும் என்று அவர்கள் நம்பவில்லை. அதேசமயம் சுண்ணாம்பு மிகுந்தால் பதநீரால் நாக்கு பொத்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைராக்கியம் மிகுந்த சிலருடைய சகவாசமும் அப்படித்தான்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது லேசானதன்று. பனையேறி தடவும் சுண்ணாம்பு அவருடைய விரதமா, அல்லது அரசாங்கத்தின் கட்டளையா? 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 காந்தி ஜயந்தியன்று அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-இல் தளர்ந்து, பிறகு மாறி மாறி வந்து, 1987 முதல் கள் இறக்குவது அடியோடு தடைசெய்யப்பட்டது. புட்டியில் அடைத்த பியரை அரசே கடை வைத்து விற்க, மரத்திலிருந்து இறங்கும் கள்ளுக்குத் தண்டனை என்னும் நிலை எந்தத் தர்ம சாஸ்திரத்துக்கும் பொருந்தாது என்று பனையேறிகள் முறையிடுவதில் நியாயம் இருக்கிறது. போலீசுக்குப் பயந்து தடவிய சுண்ணாம்பால் தடவியவருக்குப் புண்ணியம் விளையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடிக்கும் யாத்திரிகனுடைய நாவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பயத்தால் வந்த பதநீரும் அவன் தாகத்தைத் தணிக்கவே செய்கிறது. ஆகவே, கொடுப்பவனுடைய புண்ணியமும் கொள்பவனுடைய நன்மையும் ஒரே கணக்கில் எழுதப்படுவதில்லை என்றாகிறது. தானத்தை மூன்றாகப் பிரிக்கும் கீதை, தேசமும் காலமும் பாத்திரமும் அறிந்து, பிரதியுபகாரம் செய்ய இயலாதவனுக்குக் கொடுப்பதே சாத்விகம் என்று கூறும்போது, கொடுப்பவன் பக்கத்துக் கணக்கையே பேசுகிறது.

பிரதியுபகாரம் செய்ய இயலாதவன் என்றால் வழிப்போக்கன்தான். நாளை அவன் அக்கினி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் ஆடி, தன் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். தனக்குப் பதநீர் வார்த்தவரின் பெயரைக்கூட அவன் கேட்டிருக்க மாட்டான். 1897-ஆம் ஆண்டு ஜனவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிப் பாம்பனில் கரையிறங்கிய விவேகானந்த சுவாமிகளை, இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். மறுநாள் இராமேசுவரம் கோயிலில் பேசிய சுவாமிகள், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே உண்மையில் சிவனை வழிபடுகிறான் என்னும் கருத்தையே வற்புறுத்தினார். (அடுத்த மாதம் சென்னையில் அவர் தங்கியது, பனிக்கட்டி வியாபாரம் நின்றுபோன அதே ஐஸ் ஹவுஸில்.) அந்த வாக்கை ஏற்றுக்கொண்டால், தாகத்தோடு வந்து நிற்பவன் கையில் இருக்கும் ஓலைப்பட்டை அபிஷேகப் பாத்திரத்துக்கு நிகராகிறது, அதில் எதை வார்க்கிறோம் என்பதும் சிறிய விஷயமாக இருக்க முடியாது.

கூடாரத்தில் பியர் அருந்தும் நண்பர்களும் அதியமான் அவையில் கள் பெற்றவர்களும், தாம் குடிப்பது இன்னதென்று அறிந்தே குடித்தார்கள். அவர்கள் விஷயத்தில் உபசாரம் செய்தவன் எதையும் மறைக்கவில்லை. வழிப்போக்கனோ கலயத்தைப் பார்ப்பதில்லை; தருபவர் முகத்தைப் பார்த்து வாங்கிக் குடித்துவிடுகிறான். வஸ்துவிலும் காலத்திலும் நான் தேடிக் காணாத தோஷம், அறிந்தவர் அறியாதவருக்கு வார்க்கும் அந்த ஒரு கணத்தில் நுழைய முடியும் என்றே தோன்றுகிறது. உச்சிவெயிலில் சுண்ணாம்பு போதாமல் லேசாகப் புளிப்பேறிய கலயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி திரண்டு வராது, சர்க்கரை முறிந்துபோயிருக்கும். வெளியே ஊற்றினால் மரமேறிய உழைப்பு வீண். சாலையோரத்தில் நிற்கும் வெளியூர்க்காரனுக்கு ஒரு பட்டை வார்த்தால் காசாகும். குளிர்ந்திருப்பதால் புளிப்பும் அவ்வளவாகத் தெரியாது. அப்படிச் செய்யாமல் கலயத்தைக் கவிழ்க்கிறவருக்கு அன்றைய கூலியில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய எந்தச் சத்திரத்துத் தர்மத்திலும் ஏற்பாடு இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.