கோடும் எல்லையும்

நடராஜனின் ஐந்து சபைகளில் குற்றாலத்துச் சித்திர சபை தனியானது. சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு என்ற மற்ற நான்கிலும் ஆடுபவன் விக்கிரகமாக இருக்கிறான். இங்கே சுவரில் தீட்டிய ஓவியமாக. தூக்கிக்கொண்டு வீதிக்கு வர முடியாத மூர்த்தி. பார்க்க வேண்டுமானால் நாம்தான் போக வேண்டும். வரைதல் என்ற காரியத்தின் நியாயமும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓவியம் சுயவெளிப்பாடு என்பது நம் வட்டத்தில் பழகிப்போன கருத்து. உள்ளே ஏதோ நிறைந்து கிடக்கிறது, கை வழியே அது வெளிவருகிறது என்கிறோம். என் அனுபவம் இதற்கு ஒத்துவரவில்லை.

மேலகரத்து வீட்டு மாடியிலிருந்து திரிகூட மலையை வரையப் பழகினேன். சாரல் காலத்தில் மலை பாதி நேரம் மேகத்துக்குள் போய்விடும். அப்போதெல்லாம் ஞாபகத்திலிருந்து வரைந்து வைப்பேன். மேகம் விலகியதும் ஒப்பிட்டால், என் தாளில் மூன்று சிகரங்களும் காலண்டர் படத்தில் போல ஒரே சீராக நின்றன. எதிரே இருந்த மலையோ எந்தச் சீருக்கும் கட்டுப்படவில்லை. சிறுவயதிலிருந்து கண்முன் நின்ற ஒன்றை ஒரு நாளும் பார்த்திருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

படுக்கையில் விழுந்த அப்பாவை வரையத் தொடங்கியது பிற்பாடு. முதல் பத்துப் படங்களிலும் உதடு இறுகிய, கோபக்கார முகம். எங்களுக்குள் நெடுநாளாக நடந்துவந்த வழக்கில் என் தரப்புச் சாட்சியங்கள் அவை. ஒரு நாள் முகத்தை விட்டுவிட்டுக் கீழுதட்டின் கோட்டை மட்டும் தொடர்ந்து போனேன். அது இறுகியிருக்கவில்லை. பல் போனதால் உள்ளே ஒடுங்கியிருந்தது. அவ்வளவுதான். 'என்னடே, அளவெடுக்கியா?' என்றார் அப்பா.

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. எழுந்து போக முடியாத ஒருவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு என்ன உரிமை? உறவின் பேரால் ஒருவரைத் தாளில் பிடித்து முடித்துவைப்பதும் ஒருவிதமான அபகரிப்புத்தானே? எழுதுகிறவர்களுக்கும் இதிலிருந்து தப்பில்லை. ஓவியத்தையும் 'எழுதுவது' என்றே சொல்லி வந்த மொழி நம்முடையது.

இதே மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி குறத்தியிடம் கையை நீட்டுகிறாள். மனத்திலிருக்கும் காதல் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அதை இன்னொருத்தி வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. ரேகை தன் கையில் ஓடினாலும் வாசிப்பதற்கு வேறொருவர் வேண்டும். அப்பாவை வரைந்தபோது கையை நீட்டியவன் நான்தான் போலும். அவரை வாசிப்பதாகத்தான் அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

'வரை' என்றால் கோடு, எல்லை, மலையும் கூட. அக இலக்கணத்தில் 'வரைதல்' மணம் கொள்வதைக் குறிக்கும். அகராதியை வைத்துக்கொண்டு தத்துவம் கட்டுவது ஆபத்தான வேலை. என்றாலும் கோடு இழுத்துப் பார்த்தவனுக்கு இந்தச் சொல்லின் பல அர்த்தங்கள் அந்நியமாகப் படாது. நான் எங்கே முடிகிறேன், எதிரே இருப்பவர் எங்கே தொடங்குகிறார் என்று தடவித் தடவிக் கண்டுபிடிப்பதுதான் கோடு. எல்லை தெரிந்த பிறகே உறவு என்ற பேச்சுக்கு இடம் வருகிறது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் என்னுடைய பரப்பு. அப்பாவும் அதில் ஒரு பகுதி.

உரிமை பற்றிய கேள்விக்கு இது பதிலாகாது. கோடு அவரை மூடி முடிக்காமல், அவர் தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டால் ஒருவேளை மன்னிப்பு உண்டு என்று மட்டும் நினைக்கிறேன்.

அப்பா இப்போது இல்லை. படங்கள் ஓவியமாகத் தேறுபவை அல்ல. அந்த முதல் பத்தையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். அவற்றில் இருப்பது என் முகம்.