ரசிகனும் உரிமையாளனும்

தான் ஆடாத ஓர் ஆட்டத்தின் தோல்விக்காகத் தானே தோற்றதுபோல் வருந்துவது மனித மனத்தின் விந்தைகளுள் ஒன்று. களத்தில் ஆடுபவர்கள் பதினொருவர். அவர்கள் தோற்றால் உறக்கம் இழப்பவர்களோ பல்லாயிரம் பேர். இந்த வருத்தம் வெறும் அறியாமைதானா? அல்லது இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஏதேனும் உண்டா?

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திருவனந்தபுரத்தில் இந்த வருத்தத்தை அருகிலிருந்து காண முடிந்தது. கேரளம் என்ற பெயரில் 1957-58 முதல் ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட்டில் ஆடிவரும் அணி, அந்த ஆண்டுதான் முதன்முறையாக இறுதியாட்டத்தை எட்டியது. பிப்ரவரி 26 முதல் மார்ச் 2 வரை நாகபுரியில் விதர்பா அணியுடன் நடந்த அந்த ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஆயினும் முதல் இன்னிங்ஸில் விதர்பா 379 ரன்களும் கேரளம் 342 ரன்களும் எடுத்திருந்தன. 37 ரன்கள் முன்னிலை பெற்றிருந்ததால் கோப்பை விதர்பாவுக்குச் சென்றது. கேரள அணித்தலைவர் சச்சின் பேபி சதத்திற்கு இரண்டே ரன்கள் இருக்கையில் ஆட்டமிழந்தார்.

டெக்னோபார்க்கில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் சில நாட்கள் கழித்துக் கேட்டார்: "சுவாமி, நான் மட்டையைத் தொடவில்லை, பந்தும் வீசவில்லை. ஆனால் அந்த 98 என்ற எண் என்னை விடமாட்டேன் என்கிறது. இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் ஏன் போகவில்லை?"

கேலி செய்து ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியன்று இது. சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கணக்கின் மறுபக்கம்

இறுதியாட்டத்திற்குக் கேரளம் எவ்வாறு வந்தது? காலிறுதியில் ஜம்மு-காஷ்மீர் அணி 280 ரன்கள் எடுத்தது, கேரளம் 281. ஆட்டம் டிரா. ஒரே ஒரு ரன் முன்னிலையால் கேரளம் அரையிறுதிக்குச் சென்றது. அங்கே கேரளத்தின் 457 ரன்களைத் தாண்ட குஜராத்திற்கு இன்னும் மூன்று ரன்களே தேவைப்பட்டன. கடைசி ஆட்டக்காரர் ஓங்கி அடித்த பந்து, அருகில் நின்ற சல்மான் நிஸாரின் தலைக்கவசத்தில் பட்டு எழும்பி, ஸ்லிப்பில் நின்ற சச்சின் பேபியின் கைகளில் விழுந்தது. குஜராத் 455. அந்த ஆட்டமும் டிரா. இரண்டு ரன் முன்னிலையால் கேரளம் இறுதியாட்டத்தை அடைந்தது.

அன்று அந்தத் தலைக்கவசத்தைக் கொண்டாடாத ரசிகர் இல்லை. 'இறைவன் நம் பக்கம்' என்று மகிழ்ந்தவர்கள் பலர். பத்தே நாட்களில் அதே விதி எதிர்ப்புறம் திரும்பியது. அப்போது மட்டும் 'இது அநீதி' என்று மனம் ஏன் கூறுகிறது? நமக்கு வந்தால் அருள், பிறருக்குச் சென்றால் அநீதி என்று நாம் இரண்டு கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கிறோம். ஒரு ரன்னில் வாய்ப்பிழந்த ஜம்முவின் ரசிகரும், இரண்டு ரன்னில் இழந்த குஜராத் ரசிகரும் அன்று உறங்கியிருப்பார்களா என்று நாம் எண்ணிப் பார்த்தோமா? விதர்பா அணியும் அதற்கு முந்தைய ஆண்டு, 2024 மார்ச்சில், இறுதியாட்டத்தில் மும்பையிடம் 169 ரன்களில் தோற்றிருந்தது. தோல்வியின் கசப்பு எல்லா வீட்டுக் கதவையும் தட்டுகிறது. இம்முறை அது நம் வீட்டிற்கு வந்தது, அவ்வளவே.

யார் நாம், யார் அவர்?

இன்னும் சற்று நெருங்கிப் பார்த்தால் 'நாம்' என்ற எல்லைக்கோடே மங்கத் தொடங்குகிறது. இறுதியாட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் 135 ரன்கள் குவித்து, கேரளத்தின் நம்பிக்கையை முற்றிலும் தகர்த்தவர் கருண் நாயர். அவர் மலையாளப் பெற்றோரின் மகன். மறுபுறம், அதே ஆட்டத்தில் கேரளத்திற்காக 79 ரன்கள் எடுத்த ஆதித்ய சர்வதே நாகபுரியைச் சேர்ந்தவர். அதற்கு முன் விதர்பா இரண்டு முறை கோப்பை வென்றபோது அந்த அணியில் ஆடியவர். குஜராத்தின் கடைசி விக்கெட் விழுந்த அந்தப் பந்தை வீசியவரும் அவரே.

எனில் நாம் நேசித்தது எதை? மண்ணையா, மொழியையா, மனிதர்களையா, சட்டையின் நிறத்தையா? இவற்றுள் எதைத் தொட்டாலும் அது கைநழுவிப் போகிறது. எஞ்சி நிற்பது 'எனது' என்ற ஒரு சொல் மட்டுமே. வேதாந்தம் இதை மமதை என்று அழைக்கிறது. வருத்தத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நளனுக்காக அழுவது

உண்ணாயி வாரியர் இயற்றிய நளசரிதம் கதகளியாக ஆடப்படும்போது, இரண்டாம் நாள் கதையில் நளன் புஷ்கரனிடம் சூதாடி நாட்டை இழக்கிறான். அதுவும் ஆட்டத்தில் நேர்ந்த தோல்வியே. அதைக் காண்பவர் கண்கலங்குகிறார். ஆனால் நிறைவோடு வீடு திரும்புகிறார். புஷ்கரனாக வேடமிட்ட கலைஞர்மீது அவருக்குப் பகை எழுவதில்லை. அவரே கிரிக்கெட் ஆட்டத்தில் மட்டும் ஏன் நிலைகுலைந்து போகிறார்?

காஷ்மீரத்தில் வாழ்ந்த பேரறிஞர் அபிநவகுப்தர் இதற்கு விடை தருகிறார். நாடகம் காணும்போது சோகம் 'என்னுடையது', 'அவனுடையது' என்ற எல்லைகளைக் கடந்து பொதுமையடைகிறது. அவ்வாறு பொதுவான சோகம் சுவையாகிறது, அதுவே ரசம். ரசத்தை நுகர்பவன் ரசிகன். தமிழில் நாம் விளையாட்டு அன்பர்களைக் குறிக்க வழங்கும் சொல்லும் இதுவே என்பது சிந்திக்கத் தக்கது. ரசிகன் சுவைப்பவன். கோப்பை தனக்கே வர வேண்டும் என்று பிடிவாதம் கொள்பவன் உரிமையாளன்.

'நளன் கதையின் முடிவு முன்பே தெரிந்தது; ஆட்டத்தின் முடிவு தெரியாதே' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆட்டம் நடக்கும்போது நெஞ்சு படபடப்பது இயல்பு. அதுவும் ஆட்டத்தின் சுவையில் ஒரு பகுதி. ஆனால் கடைசிப் பந்து வீசப்பட்டதும் அதுவும் முடிந்த கதையாகிவிடுகிறது. அதன்பின் நாம் யார் என்பதே கேள்வி.

உரிமையாளன் எந்த அளவிற்குச் செல்வான் என்பதற்கு 1996 மார்ச் 13 ஒரு சான்று. கல்கத்தா ஈடன் தோட்டத்தில் உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியா 120 ரன்களுக்கு எட்டு விக்கெட்டுகளை இழந்து தோல்வியின் விளிம்பில் நின்றபோது, பார்வையாளர் சிலர் பாட்டில்களை எறிந்தனர். அரங்கில் தீ மூட்டினர். ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. யாரை நேசிப்பதாகச் சொன்னார்களோ, அவர்களுக்கே அந்த அன்பு தலைகுனிவைத் தந்தது.

இதற்கு நேர்மாறான உள்ளத்தைச் சங்ககாலத்தில் காண்கிறோம். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேர மன்னன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான். வெண்ணிக்குயத்தியார் வென்ற கரிகாலனைப் பாடிய புலவர். அவனைப் பாடும்போதே, புகழ்பெற்று மறைந்த அந்தச் சேரன் உன்னினும் நல்லவன் அல்லனா என்ற பொருள்பட அவனிடமே வினவினார். வெற்றியின் மகிழ்ச்சி அவரது பார்வையை மறைக்கவில்லை. இதுவே ரசிகனின் கண்.

சமநோக்கு அலட்சியமன்று

அப்படியானால் வருந்தாதிருப்பதுதான் ஞானமா? இல்லை. வெற்றியையும் தோல்வியையும் சமமாகக் கொள் என்று கண்ணன் அர்ஜுனனுக்கு உபதேசித்தபோது, 'அவ்வாறு கொண்டு போரிடு' என்றே கூறினான். முழு ஈடுபாடு உள்ளவனுக்குத்தான் சமநோக்கு என்ற சாதனை தேவைப்படுகிறது. எதிலும் பற்றில்லாத அலட்சியக்காரனுக்குச் சமப்படுத்த என்ன இருக்கிறது?

ஆடுபவனுக்கு ஆடுவது கர்மம். காண்பவனுக்கோ காண்பது ஒன்றே கர்மம். அதைச் செம்மையாகச் செய்வதே அவனது யோகம். தோற்ற வீரனைத் தூற்றாதிருத்தல், வென்றவனின் திறமையை மனமாரப் பாராட்டுதல், அடுத்த ஆட்டத்திற்கும் அதே அன்புடன் வந்து அமர்தல் ஆகிய மூன்றும் அதன் அங்கங்கள். கோப்பையின்றித் திரும்பிய அணியைத் திருவனந்தபுரம் வரவேற்றுச் சிறப்பித்தது. அந்தக் கைதட்டலில் உரிமையாளன் சற்றுப் பின்வாங்கி, ரசிகன் முன்வந்து நின்றான்.

ஒன்றை மறக்கலாகாது. முன்பின் அறியாத பதினொரு பேரின் துன்பம் ஒருவனது உறக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அவனது 'நான்' உடலின் எல்லையைத் தாண்டி விரிய வல்லது என்றே பொருள். அந்த விரிவு இறைவன் தந்த செல்வம். குறை அது விரிந்ததில் இல்லை. ஓர் எல்லைக்கோட்டில் வந்து நின்றுவிட்டதில்தான் இருக்கிறது. ஆகவே அன்பைச் சுருக்கித் துன்பத்திலிருந்து தப்ப முயல வேண்டாம். அதை இன்னும் ஓரடி முன்னே செல்ல விடுவோம். எதிரணியின் வெற்றியில் மகிழும் அந்த முதியவரும், அடுத்த தெருவில் தேர்வில் தோற்று அழும் அந்தச் சிறுவனும் அந்த 'நான்' என்பதற்குள் அடங்கும்வரை அது விரியட்டும். அவ்வாறு விரிந்த உள்ளத்தைத் தோல்வி வருத்தலாம். ஆனால் கசப்பாக்க இயலாது.